கண்டியா, காட்மாண்டுவா?

கீழ்பென்னாத்தூர் போன்ற ஓர் ஊரிலிருந்து கடல் கடப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு வகையினர். பிழைப்புக்காகச் சிங்கப்பூருக்கோ வளைகுடாவுக்கோ போகிறவர்கள் ஒரு வகை. மகன் வீட்டில் பேரக்குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்கள் மற்றொரு வகை. ஓர் ஊரைப் பார்ப்பதற்காக மட்டுமே வெளிநாடு போவது அண்மைக் காலத்தில் முளைத்த மூன்றாவது வகை. கல்லூரி ஆசிரியர்களாகிய எங்களில் சிலருக்கு இப்போது அந்த ஆசை வந்திருக்கிறது. வீட்டுக் கடன், பிள்ளைகளின் படிப்பு எல்லாவற்றையும் கழித்துப் பார்த்தால் அநேகமாக வாழ்நாளில் ஒருமுறைதான் இது வாய்க்கும். ஆகவே எந்த ஊர் என்ற கேள்வி சிறிய கேள்வியன்று.

பல பெயர்கள் அடிபட்டு, இறுதியில் காட்மாண்டு, கண்டி ஆகிய இரண்டு எஞ்சின. இரண்டும் மலை சூழ்ந்த பழைய அரசிருக்கைகள். காட்மாண்டுப் பள்ளத்தாக்கு 1979இலும் கண்டி 1988இலும் யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னப் பட்டியலில் இடம்பெற்றன. இரண்டிலும் விழாவே ஊரின் உயிர். இரண்டுக்கும் ஆகும் செலவு ஐரோப்பாவை நினைத்துப் பார்க்கக்கூட முடியாதவர்களின் கைக்கு எட்டுவது. நண்பர்களில் பெரும்பாலோர் காட்மாண்டு என்றனர். நான் கண்டி என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை, ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து பேசும்போது சொல்ல முடியாத நிதானத்தோடு இங்கே எழுதிப்பார்க்கிறேன்.

காட்மாண்டுவின் பக்கம் நிற்பவர்களின் வாதங்களை முதலில் சொல்லிவிட வேண்டும். அவை எளிதில் தள்ளிவிடக்கூடியவை அல்ல. இந்தியர்களுக்கு நேபாளம் செல்ல விசா வேண்டியதில்லை; வாக்காளர் அடையாள அட்டையே போதும். காட்மாண்டு கடல்மட்டத்திலிருந்து 1,300 மீட்டருக்கு மேல் இருப்பது. கண்டியோ ஏறத்தாழ 500 மீட்டர்தான். ஜவ்வாது மலையின் உயரம்கூட இல்லை. காட்மாண்டு, பாடன், பக்தபூர் என்று மூன்று அரச நகரங்கள் ஒரே பள்ளத்தாக்கில் அருகருகே இருக்கின்றன. கருங்கல்லையே கோயிலென்று பார்த்துப் பழகிய நம் கண்களுக்கு, செங்கல்லாலும் செதுக்கிய மரத்தாலும் நேவார் மக்கள் எழுப்பிய அடுக்குக் கோபுரங்கள் முற்றிலும் வேறான ஓர் அழகியலைக் காட்டும். பக்தபூரில் 1702இல் கட்டப்பட்ட ஐந்தடுக்கு நியாதபோலா கோயில் 1934ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் 2015ஆம் ஆண்டின் நிலநடுக்கத்திலும் விழாமல் நின்றது. பௌத்தக் குடும்பத்தில் பிறந்த சிறுமியைக் குமாரி என்று தெய்வமாக அமர்த்தி இந்துக்களும் வணங்குகிற ஊர் அது. பசுபதிநாதர் கோயிலின் பட்டர்கள் வழிவழியாகத் தென்னிந்தியாவிலிருந்து, குறிப்பாகக் கன்னட நாட்டிலிருந்து செல்பவர்கள். கூடவே முக்திநாத்தும் போய்வந்தால் நூற்றெட்டுத் திவ்விய தேசங்களில் சாளக்கிராமம் என்று ஆழ்வார்கள் பாடிய தலத்தையும் சேவித்ததாகும் என்பது வைணவ நண்பர் ஒருவரின் கணக்கு.

இலக்கியம் படித்தவர்களுக்கு இன்னொரு காரணமும் உண்டு. நேவார்களின் தாய்மொழியான நேபாள பாஷையில் எழுதியதற்காகவே சித்ததர் ஹிருதயா என்ற கவிஞர் ராணாக்களின் ஆட்சியில் 1941இல் சிறையிலிடப்பட்டார். புத்தரின் வரலாற்றைக் கூறும் ‘சுகத சௌரப’ என்ற காவியத்தை அவர் சிறையிலேயே இயற்றினார். அது 1949இல் வெளிவந்தது. மொழிக்காகச் சிறை சென்றவர்களின் கதையைக் கேட்டு வளர்ந்த நமக்கு அந்த ஊர் முற்றிலும் அந்நியமாக இருக்க முடியாது.

எல்லாவற்றையும்விட என்னை ஈர்ப்பது 2015 ஏப்ரல் 25க்குப் பிந்தைய காட்மாண்டு. ஏறத்தாழ ஒன்பதாயிரம் உயிர்களைப் பலிகொண்ட நிலநடுக்கத்தில், ஊருக்கே பெயர் தந்த காஷ்டமண்டபம் என்ற மர மண்டபம் தரைமட்டமாயிற்று. அதைத் திரும்பக் கட்டியபோது பழைய முறைப்படியே மரமும் செங்கல்லும் மண்ணும் வேண்டும் என்று ஊரார் நின்றனர். ராணிபோகரி என்ற குளத்தைச் சீரமைக்கையில் மாநகராட்சி கான்கிரீட்டைக் கொண்டுவந்தபோது மக்கள் எதிர்த்து, மரபு முறைக்கே திருப்பினர். திருப்பணி என்ற பெயரில் மணல்வீச்சு எந்திரத்தால் கல்வெட்டுகளைத் தேய்த்துவிட்டு, கும்பாபிஷேக மலரில் வாழ்த்துரை எழுதிக்கொண்டிருந்த நம்மவர்கள் அங்கே போய்க் கற்றுக்கொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்ட பிறகும் கண்டி என்கிறேன். காரணம், எந்த ஊர் அழகு, எந்த ஊரில் பார்ப்பதற்கு அதிகம் என்ற அளவுகோல்கள் எனக்குப் போதவில்லை. பார்க்கப்படும் ஊருக்கும் பார்க்கிறவனுக்கும் இடையே என்ன கொடுக்கல் வாங்கல் இருக்கிறது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. காட்மாண்டுவில் நாம் விருந்தினர்கள், வியந்துவிட்டுத் திரும்பலாம். கண்டியில் நமக்குத் தீர்க்கப்படாத கணக்குகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்வரும் தொலைவில், வேலூரில் இருக்கிறது.

வேலூரில் பாலாற்றங்கரையில் முத்துமண்டபம் என்றொரு நினைவிடம் உண்டு. கண்டியின் கடைசி அரசன் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனுக்கு உரியது அது. கண்ணுசாமி என்பது அவனுடைய இயற்பெயர். 1739இல் கண்டி அரசன் நேரடி வாரிசின்றி இறந்தபோது, அவனுடைய பட்டத்தரசியின் உடன்பிறந்தான் அரியணை ஏறினான். அவள் மதுரை நாயக்கர் உறவினள். அன்று தொடங்கி 1815 வரை நான்கு நாயக்க அரசர்கள் கண்டியை ஆண்டனர். தெலுங்கு வம்சம், தமிழ்ப் பேச்சு, சைவப் பழக்கம், பௌத்த அரசாட்சி என்ற வியப்பான கலவை அவர்களுடையது. அவர்களுள் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன்தான், அற்றுப்போயிருந்த பௌத்தத் துறவு மரபைச் சயாமிலிருந்து பிக்குகளை அழைத்து 1753இல் மீண்டும் தழைக்கச் செய்தவன். இன்று உலகமே பார்க்கப் போகும் பெரஹராவில் புத்தரின் தந்தத்தாது முதலிடம் பெற்றதும் அவன் காலத்தில்தான் என்பர். பயணிகள் எல்லோரும் படமெடுத்துக்கொள்ளும் கண்டி ஏரியை 1807 வாக்கில் வெட்டுவித்தவனும், தலதா மாளிகையின் எண்கோண மண்டபத்தைக் கட்டுவித்தவனும் கடைசி அரசனான கண்ணுசாமி. 1815இல் சொந்தப் பிரபுக்களே ஆங்கிலேயரோடு சேர்ந்து அவனைப் பிடித்துக்கொடுத்தனர். மறுவருடம் குடும்பத்தோடு வேலூருக்குக் கொண்டுவரப்பட்டு, கோட்டையில் காவலில் இருந்து, 1832 ஜனவரி 30ஆம் நாள் இறந்தான். அவனைக் கொடுங்கோலன் என்று சொல்லும் வரலாறும் உண்டு. ஆங்கிலேயர் பரப்பிய அவதூறு என்று மறுக்கும் வரலாறும் உண்டு. எதுவாயினும், கண்டி வரலாற்றின் கடைசி அத்தியாயம் நம் மாவட்டத்தை ஒட்டி முடிகிறது. நம் மாணவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

இரண்டாவது கணக்கு சிலம்பினுடையது. சேரன் செங்குட்டுவன் எடுத்த கண்ணகி விழாவில் இலங்கைக் கயவாகு மன்னன் இருந்தான் என்பதை வகுப்பில் ஆண்டுதோறும் சொல்கிறோம். சிலப்பதிகாரத்தின் காலத்தைக் கணிக்க அவனைச் சான்றாக நிறுத்தி, தேர்வில் ஐந்து மதிப்பெண் வினாவும் கேட்கிறோம். அதன் பிறகு கண்ணகிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பதில்லை. தமிழ்நாட்டில் அவள் பெரும்பாலும் நூலுக்குள்ளும் சிலைக்குள்ளும் தங்கிவிட்டாள். இலங்கையில் பத்தினி தெய்யோ என்று சிங்களவர் வணங்கும் தெய்வமாக உயிர்வாழ்கிறாள். கண்டியில் தலதா மாளிகைக்கு அருகிலேயே அவளுக்குக் கோயில் இருக்கிறது. பெரஹராவில் தந்தத்தாதுவுக்குப் பின் நாதர், விஷ்ணு, கதிர்காமர், பத்தினி என்று நான்கு தேவாலயங்களின் அணிகள் வருகின்றன. பத்தினியின் அணியில் பெண்கள் ஆடிவருவார்கள். மானுடவியலாளர் கணநாத் ஒபேயசேகர பத்தினி வழிபாட்டைப் பற்றி 1984இல் பெரியதொரு நூலே எழுதினார். இளங்கோவின் நாயகி சிங்கள உழவரின் மழைக்கும் நோய்க்கும் பொறுப்பான தாயாக மாறிய கதை அதில் விரிகிறது. தமிழ் முதுகலை படித்த ஒருவருக்கு வாழ்நாளில் ஒரே ஒரு வெளிநாட்டுக் கோயிலைப் பார்க்க வாய்ப்பிருந்தால், அது பசுபதிநாதராக இருக்க வேண்டுமா, பத்தினியாக இருக்க வேண்டுமா?

மூன்றாவது கணக்கே பெரியது. எங்கள் பக்கத்துப் பாட்டிமார் பேச்சில் ‘கண்டிக்குப் போனான்’ என்றால் ஒரு நகரத்துக்குப் போனான் என்று பொருளில்லை. கண்காணாமல் போனான் என்று பொருள். கண்டிச்சீமை என்பது இலங்கை மலைநாடு முழுவதற்கும் தமிழ்க் கிராமங்கள் வைத்த பெயர். 1820களில் காப்பித் தோட்டங்கள் தொடங்கின. திருச்சி, சேலம், புதுக்கோட்டை, மதுரை, ஆர்க்காடு ஆகிய பகுதிகளிலிருந்து கங்காணிமார் ஆள் பிடித்தனர். பஞ்சமும் சாதியும் துரத்த, மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை வரை நடந்தனர். காலராவிலும் காய்ச்சலிலும் வழியில் விழுந்தவர்கள் ஏராளம். 1869இல் இலைத்துரு நோய் வந்து காப்பி அழியத் தொடங்க, அந்த இடத்தைத் தேயிலை பிடித்தது. அதைக் கண்டி மாவட்டத்து லூல்கந்துர தோட்டத்தில் 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பயிரிட்டிருந்தார். டெய்லரின் பெயர் ஒவ்வொரு வழிகாட்டி நூலிலும் இருக்கிறது. காடு வெட்டியவர்களின் பெயர் எதிலும் இல்லை.

அதன் பின் நடந்தது இன்னும் கொடியது. சுதந்திர இலங்கை 1948இல் இயற்றிய குடியுரிமைச் சட்டம் அம்மக்களை நாடற்றவர்கள் ஆக்கியது. மறு ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் 9,75,000 பேர் பங்கிடப்பட்டனர். இந்தியாவுக்கு 5,25,000 பேர். இலங்கைக்கு 3,00,000 பேர். எஞ்சிய ஒன்றரை லட்சம் பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டனர். பாகப்பிரிவினையில் மாடுகன்றைப் பிரிப்பதற்குக்கூட அவற்றின் ஈற்றைப் பார்ப்பார்கள். இங்கே பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிறந்த மண்ணை விட்டு, பார்த்தறியாத ‘தாயகத்துக்கு’ இராமேசுவரம் வழியாக வந்து இறங்கியவர்களுள் பலரை நாம் நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களுக்கு அனுப்பினோம். மற்றவர்கள் தமிழகம் முழுவதும் சிதறினர். அங்கே ‘இந்தியத் தமிழர்’, இங்கே ‘சிலோன்காரர்’. என்னிடம் படித்த மாணவி ஒருத்தி, சொந்த ஊர் எது என்ற கேள்விக்குத் தன் பாட்டி இரண்டு நாட்டிலும் ஒரே பதிலைத்தான் சொல்வார் என்றாள்: ‘அந்தப் பக்கம்.’ அங்கேயே தங்கியவர்களுக்குக் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த மக்களின் இலக்கியத்தை நாம் எவ்வளவு படித்திருக்கிறோம்? புதுமைப்பித்தனின் ‘துன்பக்கேணி’ தெரியும். கோகிலம் சுப்பையாவின் ‘தூரத்துப் பச்சை’ சிலருக்குத் தெரியும். தோட்டத்துப் பாடல்களைத் தேடித் தொகுத்த சி. வி. வேலுப்பிள்ளை, ‘ஒரு கூடைக் கொழுந்து’ எழுதிய என். எஸ். எம். இராமையா, 2022இல் மறைந்த தெளிவத்தை ஜோசப் ஆகியோரை நம் பாடத்திட்டங்கள் ஓரத்திலேயே வைத்திருக்கின்றன. தெருக்கூத்து பார்த்து வளர்ந்த எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். காமன் கூத்து, பொன்னர் சங்கர், அருச்சுனன் தபசு ஆகிய மூன்றும் மலையகத் தோட்டங்களில் ஆடப்படும் கூத்துகள். பாரதக் கூத்தில் தபசு மரம் ஏறும் அதே அருச்சுனன், தேயிலைச் சரிவிலும் ஏறுகிறான். கப்பலில் போனவர்கள் மூட்டையில் எதைக் கட்டிக்கொண்டு போனார்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா? கண்டியை ஒட்டிய பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் மட்டக்களப்புக் கூத்தை மாணவர்களைக் கொண்டு மேடையேற்றினார். ‘கர்ணன் போர்’, ‘இராவணேசன்’ போன்றவை ஈழத்து நாடக வரலாற்றின் திருப்பங்கள். கூத்தைப் படிக்காதவர்களின் பொழுதுபோக்கு என்று ஒதுக்கிய பல்கலைக்கழகங்கள் நம்மிடையே இருந்த காலம் அது.

எதிர்ப்பு ஒன்று வரும். அதைத் தவிர்த்துவிட்டுப் போவது நேர்மையன்று. 2009க்குப் பிறகு இலங்கைக்கு உல்லாசப் பயணம் போவதே தகாது என்று தமிழ்நாட்டில் பலர் கருதுகிறார்கள். அந்த உணர்வை நான் மதிக்கிறேன். முள்ளிவாய்க்காலை மறந்துவிட்டுக் கண்டி ஏரியில் படகு விடுவதற்கு நானும் ஆசைப்படவில்லை. ஆனால் போகாமல் இருப்பதால் யாரைத் தண்டிக்கிறோம்? இலங்கைத் தமிழர் என்றாலே வடக்கும் கிழக்கும் மட்டுமே நம் நினைவுக்கு வருகின்றன. மலையகத் தமிழர் நம் கோபத்திலும் இல்லை, நம் கண்ணீரிலும் இல்லை. 2023இல் அம்மக்கள் தம் இருநூறாண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை முன்னோர் நடந்த வழியில் நடந்தார்கள். தமிழ்நாட்டில் எத்தனை பேர் திரும்பிப் பார்த்தோம்? 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போது மலைநாடு சரிந்தது. கண்டி மாவட்டம் மிகுந்த பாதிப்புக்குள்ளான பகுதிகளில் ஒன்று. சரிவுகளின் ஓரத்தில் ஆங்கிலேயர் காலத்து லயன் வீடுகளில் இன்னும் வாழ்கிறவர்களை அத்தகைய செய்திகளின்போது மட்டுமே நாம் கேள்விப்படுகிறோம். போகாமலிருப்பது நமக்கு ஒரு நிலைப்பாடாக இருக்கலாம். அவர்களுக்கு அது பழகிப்போன புறக்கணிப்பின் தொடர்ச்சி.

‘பயணத்துக்குப் போய் மனத்தைக் கனக்க வைத்துக்கொள்ள வேண்டுமா, நான்கு நாள் நிம்மதியாக இருக்கக் கூடாதா?’ என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். காட்மாண்டு நிம்மதி தரும் என்பதே ஐயம்; 2025 செப்டம்பரில் இளைஞர் கிளர்ச்சியின்போது அரசின் தலைமையகமான சிங்க தர்பார் எரிந்ததைப் பார்த்தோம். எந்த ஊருக்கும் அதன் துயரம் உண்டு. பிறர் துயரத்தின் முன் நாம் பார்வையாளர்களாக நிற்கலாம், அது எளிது. நம்மோடு தொடர்புடைய துயரத்தின் முன் நிற்பதுதான் கடினம்; அதனாலேயே பயனுள்ளது. தவிர, கண்டி துயரம் மட்டுமே நிறைந்த ஊரும் அன்று. மலைகளுக்கு நடுவே ஏரி, அந்தியில் தலதா மாளிகையின் மேளம், பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பனைச்சாலை எல்லாம் யாருக்கும் பொதுவான இன்பங்கள்.

போகிறவர்கள் எப்படிப் போக வேண்டும் என்பதில் எனக்குச் சில பிடிவாதங்கள் உண்டு. சுற்றுலா நிறுவனங்கள் கண்டியைக் கொழும்புக்கும் நுவரெலியாவுக்கும் நடுவே அரைநாள் தங்கலாக வைத்திருக்கின்றன. அது கூடாது, குறைந்தது நான்கு நாள் கண்டியிலேயே தங்க வேண்டும். கல்லூரி விடுமுறை மே மாதத்தில். பெரஹரா வருவதோ ஆடியை ஒட்டி. எனவே பெரஹராவை மனத்தில் வைத்துக்கொண்டு பத்தினி கோயிலை ஆரவாரமின்றிப் பார்க்கலாம். ஒருநாள் மாத்தளைக்குப் போய், நடந்துவந்தவர்கள் தங்கி இளைப்பாறிய ஊரையும் அங்குள்ள முத்துமாரியம்மனையும் பார்க்க வேண்டும். ஹந்தானையில் 1925ஆம் ஆண்டுத் தொழிற்சாலைக் கட்டடம் ஒன்றில் தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே எந்திரங்களைக் காணலாம். கம்பளைப் பக்கம், பழைய பீக்காக் தோட்டத்தில், தொழிலாளர்களுக்கான அருங்காட்சியகம் ஒன்று லயன் வீட்டிலேயே அமைக்கப்பட்டிருக்கிறது. அங்கே அந்த எந்திரங்களுக்குத் தீனி போட்டவர்களைக் காணலாம். இரண்டையும் ஒரே நாளில் பார்த்தால் எந்தப் பாடநூலும் சொல்லாததை அந்த நாள் சொல்லும். புயலுக்குப் பின் மலைநாட்டு இரயில் பாதைகளின் நிலையை விசாரித்துக்கொண்டு புறப்படுவது நல்லது. இலங்கைக்கு இணையவழி முன்அனுமதியும் பெற வேண்டும். சென்னையிலிருந்து கொழும்புக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம் போல ஆகிறது. ஒரு காலத்தில் போனவர்கள் திரும்பாமலே போன தூரம் அது.

காட்மாண்டு எங்கும் போய்விடாது; மற்றொரு வாய்ப்பு வந்தால் அந்த மர மண்டபத்தின் முன் நிற்க எனக்கும் ஆசைதான். முதல் பயணம் கண்டிக்கு இருக்கட்டும். அதற்கும் முன்பாக, கடவுச்சீட்டே தேவைப்படாத முதல் கட்டம் ஒன்று இருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை திருவண்ணாமலையிலிருந்து வேலூருக்குப் பேருந்து ஏறி, பாலாற்றங்கரையில் அந்த முத்துமண்டபத்தைத் தேடிப்பிடித்துப் பார்த்துவிட்டு வாருங்கள். கண்டிக்கான வழி அங்கிருந்தே தொடங்குகிறது.